காவல்காரரின் நோட்டுப்புத்தகம்: லாக் சர்வர்களின் கதை

அடுக்குமாடிக் குடியிருப்பு வாசல்ல ஒரு மேசை, அது மேல நூல் கட்டின பேனாவோட ஒரு நீள நோட்டு. எல்லாரும் பார்த்திருப்பீங்க. பேர், யாரைப் பார்க்கணும், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. கொரியர் பையன் அவசரத்துல ஏதோ கிறுக்கிட்டுப் போவான். அந்த நோட்டை யாரும் படிக்கிறதில்லை. மூணாவது மாடியில ஒரு நாள் திருட்டுப் போனா மட்டும் எல்லார் கையும் அந்த நோட்டைத் தேடும். அப்பத்தான் கேள்விகள் கிளம்பும். வாட்ச்மேன் கடிகாரம் சரியான நேரம் காட்டுச்சா? பக்கம் எதுவும் கிழிஞ்சிருக்கா? திருடனே அதுல கை வச்சிருந்தா?

கணினி வலையமைப்புக்கு வாட்ச்மேன் ஃபயர்வாலும் வெப் ஃபில்டரும். (தீச்சுவர்னு தமிழ்ல எழுதிப் பார்த்தேன், அடுப்படி ஞாபகம் வந்ததால ஃபயர்வால்னே வச்சுக்கறேன் :-)) அது எழுதுற நோட்டுக்குப் பேர் லாக். அந்த நோட்டை வாசல்ல வைக்காம வேற ஒரு அறையில, வேற ஒரு கணினியில வச்சுப் பூட்டினா அது லாக் சர்வர். காவல்காரரைப் பத்தி எழுதினவங்க நிறைய. நோட்டுப்புத்தகத்தைப் பத்தி எழுதினவங்க குறைவு. ஆனா கடைசியில சாட்சி சொல்றது நோட்டுதான். நாற்பது வருஷமா இந்த நோட்டை எங்க வைக்கிறது, யார் திருத்தலாம், யார் படிக்கலாம்ங்கற மூணு கேள்விகளைச் சுத்தித்தான் இந்தக் கதை ஓடுது.

மரக்கட்டையில் ஆரம்பிச்ச வார்த்தை

லாக் அப்படின்னா மரக்கட்டை. பாய்மரக் கப்பல் காலத்துல வேகம் பார்க்க, முடிச்சுகள் போட்ட கயித்துல ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடல்ல வீசுவாங்க. குறிப்பிட்ட நேரத்துக்குள்ள எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடுதோ அதுதான் வேகம். கப்பல் வேகத்தை இன்னிக்கும் 'நாட்' கணக்குல சொல்றது அதனாலதான். அந்தக் கணக்கை எழுதி வச்ச புத்தகம் லாக் புக். கப்பல் எங்க இருக்குன்னு தெரியாத நடுக்கடல்ல, இதுவரைக்கும் எழுதி வச்சதை நம்பித்தான் அடுத்த திசையை முடிவு பண்ணணும். தப்பா எழுதினா பாறையில மோத வேண்டியதுதான். இந்த விஷயம் மட்டும் கணினி வந்தப்புறமும் மாறவே இல்லை.

75 சென்ட்

1986 ஆகஸ்ட். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியல் ஆராய்ச்சியாளர், அவர் துறையில் பண உதவி தீர்ந்து போனதால் கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தார். வந்த புதுசில் அவரிடம் ஒரு சில்லறை வேலை ஒப்படைக்கப்பட்டது. ஆய்வகத்தில் கணினியைப் பயன்படுத்துகிற ஒவ்வொரு துறைக்கும் பில் போடுவார்கள். யூனிக்ஸ் எழுதிய கணக்கு ஒன்று, ஆய்வகத்துக்காரர்களே எழுதிய நிரல் போட்ட கணக்கு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் 75 சென்ட் உதைத்தது.

முக்கால் டாலர்தானேன்னு யாரும் விட்டிருப்பாங்க. ஸ்டோல் விடவில்லை. பில் முகவரியே இல்லாத ஒரு கணக்கு கண்ணில் பட்டது. நோண்டிக்கொண்டே போனால், வெளியிலிருந்து யாரோ உள்ளே புகுந்து கணினியின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்திருக்கிறார்கள்.

இங்கேதான் நம்ம விஷயம் வருகிறது. முழு அதிகாரம் கையில் இருக்கிறவன் அந்தக் கணினிக்குள் இருக்கிற எந்தக் கோப்பையும் அழிக்கலாம், லாக் உட்பட. வந்தவன், யார் உள்ளே இருக்காங்கன்னு பார்த்துட்டுதான் வேலையையே ஆரம்பிப்பான். அதனால் ஸ்டோல் கணினிக்குள் எதையும் எழுதவில்லை. வார இறுதியில் சக ஊழியர்களின் மேசைகளில் இருந்த பிரிண்டர்களையும் டெர்மினல்களையும் கேட்காமலேயே தூக்கிக்கொண்டு வந்து, வெளியிலிருந்து வரும் இணைப்புகளில் மாட்டிவிட்டார். வருகிறவன் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் அடித்து விழுந்தது. காகிதத்தில் விழுந்த மையை எந்த ஹேக்கர் வந்து அழிப்பான்?

நோட்டை வாசலில் இருந்து எடுத்து வேறு அறையில் வைப்பது என்கிற யோசனைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. அந்தக் காகிதங்களை வைத்து மாதக்கணக்கில் துரத்தியதில் தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரம் வரை போனது. ஆள் பெயர் மார்க்கஸ் ஹெஸ். திருடிய தகவல் சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்குப் போய்க்கொண்டிருந்தது. சுமார் 450 கணினிகளைத் தட்டிப் பார்த்து 30க்கும் மேற்பட்டவற்றுக்குள் நுழைந்திருந்தான். 1990ல் தண்டனை கிடைத்தது. ஸ்டோல் 1989ல் இதைப் புத்தகமாக எழுத, அது சக்கைப் போடு போட்டது.

கடிதக்காரர் தந்த குழாய்

எல்லாரும் எல்லா இணைப்பிலும் பிரிண்டர் மாட்ட முடியுமா? அதற்கான விடை அதே பெர்க்லி ஊரிலேயே, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தயாராகியிருந்தது. எரிக் ஆல்மன் என்பவர் 'சென்ட்மெயில்' என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார். அஞ்சல் எங்கே போச்சு, எங்கே சிக்கிச்சுன்னு பார்க்க 1980களின் தொடக்கத்தில் சின்னதாக ஒரு துணை நிரல் செய்தார். அதுதான் சிஸ்லாக். அஞ்சலுக்காகப் பிறந்த பிள்ளையை மற்ற மென்பொருள்களும் ஒவ்வொன்றாகத் தத்து எடுத்துக்கொண்டன.

சிஸ்லாக்கின் அமைப்பு ரொம்ப எளிமை. செய்தியின் தலையில் ஒரே ஒரு எண். எந்தப் பிரிவிலிருந்து வருகிறது என்பதற்கு 24 வகை, எவ்வளவு அவசரம் என்பதற்கு 8 படி. பிரிவு எண்ணை எட்டால் பெருக்கி அவசர எண்ணைக் கூட்டினால் தலை எண் கிடைக்கும். உங்க ஃபயர்வால் அனுப்புகிற வரி 134 என்று ஆரம்பித்தால், 16ஐ எட்டால் பெருக்கி 6ஐக் கூட்டியிருக்கிறது. 16ம் நம்பர் பிரிவு, 6ம் படி. அதாவது சாதாரணத் தகவல், பதற வேண்டியதில்லை. 0 வந்தால் பதறலாம்.

அந்த வரி வலையமைப்பு வழியாக வேறு கணினிக்குப் போக 514ம் எண் யூடிபி போர்ட். யூடிபி என்பது சாதா தபால் கார்டு மாதிரி. பெட்டியில் போட்டதோடு சரி. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று யாரும் திரும்பிச் சொல்ல மாட்டார்கள். அனுப்பினவர் உண்மையிலேயே அவர்தானா என்றும் யாரும் பார்க்க மாட்டார்கள். எந்தக் கணினியும் இன்னொன்றின் பெயரில் பொய் வரி எழுதி அனுப்பலாம். ஒருத்தரையொருத்தர் நம்பிய காலத்துப் பொருள் இது. வேடிக்கை என்னன்னா, இது உலகம் முழுக்கப் பரவி வெகுகாலம் ஆன பிறகு, 2001 ஆகஸ்டில்தான் 'இது இப்படித்தான் வேலை செய்கிறது' என்று ஆர்.எஃப்.சி 3164 என்ற ஆவணம் வந்தது. கல்யாணம் முடிஞ்சு பேரன் பேத்தி எடுத்தப்புறம் பத்திரிகை அடிச்ச கதை.

நோட்டிலிருந்து பிறந்த காவல்காரர்

ஃபில்டர் முதலில் வந்தது, லாக் பின்னால் வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஒரு முக்கியமான இடத்தில் நடந்தது தலைகீழ்.

1990 வாக்கில் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒருவன் மறுபடி மறுபடி புகுந்துகொண்டிருந்தான். புகுந்தவன் சும்மா போகவில்லை. கணினியில் உள்ள எல்லாக் கோப்புகளையும் துடைத்து அழித்துவிட்டுப் போனான். அதோடு அவன் வந்த தடமும் போய்விடும். அங்கிருந்த வீட்சே வெனமா ஒரு சின்னத் தந்திரம் செய்தார். வெளியிலிருந்து யாராவது ஒரு சேவையைக் கேட்டு வந்தால், அந்தச் சேவைக்கு முன்னால் ஒரு குட்டி நிரல் நிற்கும். யார், எங்கிருந்து என்று சிஸ்லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு உண்மையான நிரலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அவ்வளவுதான். முதல் வடிவத்தில் யாரையும் தடுக்கும் வேலையே அதற்குக் கிடையாது.

எழுத ஆரம்பித்ததும்தான் யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரிந்தது. தெரிந்த பிறகுதான் 'இந்த இடத்திலிருந்து வந்தால் விடாதே' என்று சொல்ல முடிந்தது. அப்படி வளர்ந்த டிசிபி ராப்பர், யூனிக்ஸ் உலகத்தில் பல வருஷம் வாசல் காவல் பார்த்தது. 1992ல் வெனமா அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். யாரைத் தடுக்கணும்னு தெரியாம தடுக்கிறது கண்ணைக் கட்டிக்கிட்டு கம்பு சுத்துறதுதானே?

வெப் ஃபில்டர் வந்தது, லாக் வீங்கியது

1996ல் ஸ்குவிட் வந்தது. டுவேன் வெசல்ஸ் தலைமையில் அமெரிக்காவில் உருவான இலவச ப்ராக்ஸி. இணைய வேகம் ஆமையாக ஊர்ந்த காலத்தில் பக்கங்களைச் சேமித்து வைத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் அதன் நோக்கம். ஆனால் எல்லாப் போக்குவரத்தும் ஒரே வாசல் வழியாகப் போனதால் அங்கேயே காவலும் போட்டார்கள். ஸ்குவிட்கார்ட், டான்ஸ்கார்டியன் எல்லாம் அதன் தோளில் ஏறி உட்கார்ந்தவை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி: நேரம், எவ்வளவு மில்லிசெகண்ட், எந்தக் கணினி, என்ன முடிவு, எத்தனை பைட், எந்த முகவரி. தடுத்திருந்தால் 'டினைடு', கூடவே 403.

2000 டிசம்பரில் அமெரிக்காவில் குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அரசின் இணையச் சலுகை வேண்டும் என்கிற பள்ளிகளும் நூலகங்களும் ஃபில்டர் வைத்தே ஆகவேண்டும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2003ல் சட்டம் நிலைத்தது. ஒரு விஷயம் கவனிங்க. அந்தச் சட்டம் ஃபில்டர் வைக்கச் சொன்னதே தவிர, யார் எங்கே போனார்கள் என்று எழுதி வைக்கச் சொல்லவில்லை. ஆனால் விற்கப்பட்ட மென்பொருள்களோடு எழுதுகிற வசதியும் சேர்ந்தே வந்தது. கையில் நோட்டு இருந்தால் எழுதாமல் இருக்க மனசு வருமா?

வெப்சென்ஸ் போன்ற பெரிய மென்பொருள்களில் இந்த நோட்டு தனி உறுப்பாகவே ஆனது. வடிகட்டும் சேவை ஒரு கணினியில். லாக் சர்வர் இன்னொன்றில். லாக் சர்வர் வந்த வரிகளைத் தற்காலிகக் கோப்புகளில் சேர்த்துவைத்து டேட்டாபேஸில் கொட்டும். அறிக்கை தயாரிக்கிற நிரல் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். மேலாளர் 'போன வாரம் அறிக்கையில் ஒண்ணுமே இல்லையே' என்று கேட்கும் நாளில்தான் இது எத்தனை கை மாறி வருகிறது என்று அட்மினுக்கு உறைக்கும்.

கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா விவசாயி என்ன பண்ணுவார்? வாய்க்கால் கரையோடு மேல நடந்துக்கிட்டே போவார். எந்த மடை வரைக்கும் தண்ணி இருக்குன்னு பார்ப்பார். லாக் வராத நோய்க்கும் அதே வைத்தியம்தான்.

முதலில் ஃபில்டர் எழுதுகிறதா? 2001ல் லினக்ஸ் 2.4 உடன் வந்த ஐபிடேபிள்ஸில் தடுக்கிற விதி முன்னாலும் எழுதுகிற விதி பின்னாலும் இருந்தால் ஒரு வரி கூட விழாது. தடுத்த பாக்கெட் அங்கேயே செத்துப்போச்சு, பின்னால் இருக்கிற விதி வரை எங்கே வரும்? எழுதும் அளவைக் கட்டுப்படுத்த எண் கொடுக்காமல் 'லிமிட்' போட்டால், தானாக எடுத்துக்கொள்ளும் அளவு மணிக்கு வெறும் 3. அப்புறம் 'தாக்குதலே இல்லை, ஊரே அமைதி'ன்னு நினைச்சுக்க வேண்டியதுதான்.

அடுத்து, தபால் கிளம்பியதா, சேர்ந்ததா? இதைப் பார்க்க டிசிபிடம்ப் இருக்கிறது. 1988ல் வேன் ஜேக்கப்சன் குழுவினர் எழுதியது, அதுவும் ஸ்டோல் இருந்த அதே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில். லாக் சர்வரில் உட்கார்ந்து 514ம் போர்ட்டைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். பாக்கெட் வருகிறது ஆனால் கோப்பில் வரி இல்லை என்றால், கேட்கிற நிரல் காதை மூடிக்கொண்டிருக்கிறது. பழைய லினக்ஸ் சிஸ்லாக் நிரல் தனியாகச் சொன்னால்தான் வெளியிலிருந்து வருவதைக் கேட்கும். லாக் சர்வரின் சொந்த ஃபயர்வாலே 514ஐத் தடுத்துக்கொண்டிருப்பதும் உண்டு. காவல்காரர் தபால்காரரையே உள்ளே விடாத கதை.

அதுவும் சரி என்றால் இடம் இருக்கிறதா? 32 பிட் காலத்தில் லாக் கோப்பு 2 ஜிபியைத் தொட்டதும் ஸ்குவிட் நின்றுவிடும். மாதா மாதம் கோப்பை மாற்றாத அலுவலகத்தில் ஒரு நாள் திடீரென்று யாருக்கும் இணையம் இருக்காது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்த எம்எஸ்டிஇ 2000 டேட்டாபேஸுக்கும் அதே 2 ஜிபிதான் எல்லை. நிரம்பியதும் டேட்டாபேஸ் கதவை மூடும், தற்காலிகக் கோப்புகள் குவியும், பிறகு டிஸ்க் நிரம்பும்.

இன்னொரு பழைய வினை உண்டு. வெளியே போகிற எல்லாப் பாக்கெட்டையும் எழுது என்று ஃபயர்வாலுக்குச் சொல்லி, அந்த லாக்கை வலை வழியே அனுப்பவும் சொன்னால், லாக் பாக்கெட்டும் வெளியே போகிற பாக்கெட்தானே? அதைப் பற்றி ஒரு வரி. அந்த வரியைப் பற்றி இன்னொரு வரி. ரெண்டு கண்ணாடி எதிரெதிரே வச்ச மாதிரி முடிவே இருக்காது.

எழுத முடியாவிட்டால் கதவை மூடவா?

தபால் கார்டு தொலைந்துபோகிறதே என்று, அந்தக்கால ரிஜிஸ்டர் தபால் மாதிரி ஒப்புகையோடு அனுப்பும் டிசிபி முறையைச் சில ஃபயர்வால்களில் வைத்தார்கள். உடனே ஒரு தர்மசங்கடம். லாக் சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வது? சிஸ்கோவின் பிக்ஸ் ஃபயர்வால் இதற்கு ஒரு கறாரான பதில் வைத்திருந்தது. டிசிபி வழியாக லாக் அனுப்பும்படி அமைத்திருந்து, லாக் சர்வர் பதில் சொல்லாவிட்டால், புது இணைப்பு எதையும் அனுமதிக்காது. நோட்டில் எழுத முடியவில்லையா, யாரும் உள்ளே போகக்கூடாது. அவ்வளவுதான்.

ஒரு மூலையில் இருக்கிற லாக் சர்வரின் டிஸ்க் நிரம்பியதால் மொத்த அலுவலகத்துக்கும் இணையம் போகும். அட்மின் ஃபயர்வாலைக் குடைவார், ரௌட்டரைக் குடைவார், கேபிள்காரரைத் திட்டுவார். நோய் இருப்பது யாரும் பார்க்காத கணினியில். பின்னால் வந்த பதிப்புகளில் 'லாக் இல்லாவிட்டாலும் விடு' என்று மாற்றிக்கொள்ள வழி வைத்தார்கள். எது சரி என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. வங்கிக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று. ஆனால் இந்த முடிவைச் சர்வர் படுத்த அன்றைக்கு எடுக்கக்கூடாது, அமைக்கும்போதே எடுக்கணும்.

கடிகாரம்

பழைய சிஸ்லாக் வரியில் மாதம், தேதி, மணி, நிமிஷம், விநாடி உண்டு. வருஷம் கிடையாது. எந்த நாட்டு நேரம் என்பதும் கிடையாது. நம்மூர் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால். ஃபயர்வால் இந்திய நேரத்திலும் லாக் சர்வர் பொது நேரத்திலும் இருந்தால், ஜனவரி 15 நள்ளிரவு தாண்டி 12.10க்கு நடந்தது இன்னொரு இடத்தில் ஜனவரி 14 மாலை 6.40 என்று பதிவாகும். தேதியே மாறிப்போச்சு. 14ம் தேதி சாயங்கால ஷிஃப்டில் இருந்தவர் ஒருவர், 15ம் தேதி ராத்திரி ஷிஃப்டில் இருந்தவர் வேறொருவர். யாரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்?

டேவிட் மில்ஸ் 1985லேயே கணினிக் கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கும் என்டிபி முறையை ஆவணமாக்கிவிட்டார். வருஷம், நேர வித்தியாசம், விநாடியின் பின்னம் எல்லாம் சேர்ந்த புது சிஸ்லாக் விதி ஆர்.எஃப்.சி 5424 வந்தது 2009 மார்ச்சில். வரிகளைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் முறைக்கும் கூடவே விதி வந்தது. ஹங்கேரிக்காரர் ஒருவர் 1998ல் தொடங்கிய சிஸ்லாக்-என்ஜி, ஜெர்மனியின் ரைனர் கெர்ஹார்ட்ஸ் 2004ல் தொடங்கிய ஆர்சிஸ்லாக் இரண்டும்தான் இந்த முன்னேற்றத்தைச் சாதாரண அட்மின் கைக்குக் கொண்டுவந்தவை.

ஒரு வரி என்ன சொல்கிறது?

இதுவரை பார்த்தது வரி வந்து சேருகிற கதை. வந்து சேர்ந்த வரியைத் தப்பாகப் படித்தால் என்ன ஆகும்?

2004 அக்டோபர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், நார்விச் நகரம். விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக ஒரு மாற்று ஆசிரியை வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். வகுப்பறைக் கணினியில் ஆபாசப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. பழைய விண்டோஸ் 98 கணினி. பள்ளியின் ஃபில்டர் உரிமம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகிக் கிடந்தது. பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். வழக்கு ஆசிரியை மேல்.

கணினியில் பதிவாகியிருந்த முகவரிகளைக் காட்டி, அவர் தானே அந்த இணைப்புகளைத் தட்டித்தான் திறந்திருக்க வேண்டும் என்று போலீஸ் தரப்பு சாட்சி சொன்னது. 2007 ஜனவரியில் குற்றவாளி என்று தீர்ப்பு. அதிகபட்சம் 40 வருஷம் வரை சிறைக்கு வாய்ப்பு. நாடு முழுக்க இருந்த கணினி வல்லுநர்கள் கொதித்துப் போனார்கள். தீய நிரல் தானாகவே பக்கங்களைத் திறக்கும், அப்படித் திறந்தாலும் பதிவேட்டில் அதே மாதிரி வரிதான் விழும் என்று எடுத்துக் காட்டினார்கள். மாநில ஆய்வகத்தின் அறிக்கையும் முன்பு சொன்ன சாட்சியத்தோடு முரண்பட, 2007 ஜூனில் நீதிபதி தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். 2008 நவம்பரில் ஒரு சிறு குற்றத்தை ஏற்று வழக்கு முடிந்தது. நூறு டாலர் அபராதம். ஆசிரியர் உரிமம் போனது போனதுதான்.

லாக் வரி சொல்வது 'இந்தக் கணினி இந்தப் பக்கத்தைக் கேட்டது' என்பதை மட்டும்தான். 'இந்த மனிதர் விரும்பிப் போனார்' என்று அது சொல்லவே இல்லை. அதை நாம்தான் சேர்த்துக்கொள்கிறோம். ஒரு செய்தித்தளத்தைத் திறந்தால் விளம்பரம், படம், எண்ணிக்கைக் கருவி என்று டஜன் கணக்கில் வரிகள் விழும். ஐபி முகவரி இன்று ஒருவர் மடிக்கணினிக்கு, நாளை இன்னொருவருக்கு. எந்த நேரத்தில் யாரிடம் இருந்தது என்ற டிஹெச்சிபி லாக்கும் சேர்ந்து இல்லாவிட்டால் அந்த வரிக்கு ஆள் பெயர் வைப்பது அநியாயம்.

நோட்டே ஓட்டையானால்

2003 ஜனவரி 25. ஸ்லாமர் புழு கிளம்பியது. 376 பைட்தான். ஒரே ஒரு யூடிபி பாக்கெட்டில் அடங்கும். பாதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. பத்தே நிமிஷத்தில் தாக்கக்கூடிய கணினிகளில் 90 சதவீதம் காலி. அது தாக்கியது மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரையும் எம்எஸ்டிஇயையும். மருந்து 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆனால் வேறு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த எம்எஸ்டிஇ தன் கணினியில் இருப்பதே பலருக்குத் தெரியாது. லாக் சேமிக்கத்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விடப்பட்ட டேட்டாபேஸ்களும் அதே வகைதான்.

2021 டிசம்பரில் அதே பாடம் இன்னும் பெரிசாக வந்தது. லாக்4ஜே என்ற ஜாவா நிரல் தொகுப்பு. வேலை, லாக் எழுதுவது மட்டும். ஆனால் எழுதவேண்டிய வரிக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் எழுத்துக்கள் இருந்தால், அதை எழுதுவதற்குப் பதிலாக வெளியே போய் நிரலைக் கொண்டுவந்து ஓட்டிவிடும். வந்தவன் நோட்டில் கையெழுத்துப் போட்டான், கதவு தானா திறந்துச்சு. அபாய அளவுகோலில் பத்துக்குப் பத்து.

யார் படிப்பது?

கடைசிக் கேள்வி இதுதான். 2011 அக்டோபரில் டெலிகோமிக்ஸ் என்ற இணைய ஆர்வலர் குழு சிரியாவின் வடிகட்டிக் கருவிகளின் லாக்குகளை வெளியிட்டது. ப்ளூகோட் நிறுவனத்தின் ஏழு ப்ராக்ஸிகள், 2011 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எழுதியவை. அரசுக்கு எதிரான போராட்டத்தை ஆட்சி நசுக்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. பொருளாதாரத் தடை இருந்த நாட்டில் தன் கருவிகள் இயங்குவதை அந்த நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. கருவிகளை அனுப்பிய துபாய் விநியோகஸ்தருக்கு 2013ல் அமெரிக்க அரசு 28 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

2014ல் ஆராய்ச்சியாளர்கள் அந்த 600 ஜிபி லாக்கைப் பிரித்து மேய்ந்தார்கள். 'ப்ராக்ஸி' என்ற சொல் முகவரியில் எங்கே இருந்தாலும் தடை. ஃபேஸ்புக்கின் சாதாரணச் செருகு நிரலின் முகவரியில் அந்த எழுத்துக்கள் இருந்ததால் அதுவும் காலி. அரசியலுக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. ஆனால் எனக்குப் பயமாக இருப்பது தடுக்கப்பட்ட வரிகள் இல்லை. தடுக்கப்பட்டவை மொத்தத்தில் சொற்பம். அனுமதிக்கப்பட்ட கோடிக்கணக்கான வரிகளும் அதே நோட்டில் எழுதப்பட்டிருந்தன. வெளியே வந்த பதிப்பில் பயனர் முகவரிகள் பெரும்பாலும் பூஜ்யமாக்கப்பட்டிருந்தன. ஆட்சியின் கையில் இருந்த பதிப்புக்கு அந்தக் கருணை கிடையாது.

இந்தியாவிலும் இது இப்போது சட்ட விஷயம். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் 180 நாள் லாக்கை இந்திய எல்லைக்குள் பாதுகாக்க வேண்டும், கடிகாரங்களை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வைக்க வேண்டும். கடிகாரத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் எத்தனை நாள் வைத்திருக்கணும் என்று யோசிக்கிற அளவுக்கு, எந்த நாளில் அழிக்கணும், யார் யார் திறந்து பார்க்கலாம், திறந்தவரின் பெயர் எங்கே பதிவாகும் என்று அலுவலகங்களில் யோசிப்பதில்லை. படிக்கிறவனைப் பற்றியும் ஒரு வரி விழணும். அப்பத்தான் அது நோட்டு. இல்லைன்னா ஒட்டுக்கேட்கிற காது.

அட்மின் நண்பர்களுக்கு ஒண்ணு. இந்த வாரம் ஒரு நாள், தடுக்கப்பட்ட ஒரு பக்கத்தை நீங்களே திறந்து பாருங்க. கைக்கடிகாரத்தில் நேரத்தைக் குறிச்சுக்கிட்டு, அந்த வரி லாக் சர்வரில் வந்து விழுந்திருக்கா, அதே நேரத்தோடு விழுந்திருக்கா, உங்க பேரில்தான் விழுந்திருக்கான்னு தேடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. அந்த ஒரு வரி சரியா இருந்தாத்தான் மத்தவங்க பேரில் விழுந்திருக்கிற வரிகளை நம்பி ஒருத்தரைக் கேள்வி கேட்க நமக்கு யோக்யதை உண்டு.